புதிய உறுப்பும் பழைய யந்திரமும்

ஹற்றன் நகரிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தொழிற்சாலைகள் நெடிதுயர்ந்து நிற்பதைக் காணலாம். அவற்றின் மேல்மாடிகளிலே கொழுந்து வாட்டப்படுகின்றது. கீழ்த்தளத்திலே அஃது உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்டு, சல்லடைகளினால் தரம் பிரிக்கப்படுகின்றது. ஒரு நாள் இறங்கிய தூளின் சுவை கெட்டிருக்குமாயின், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் எல்லா யந்திரங்களையும் ஒருசேரக் கழற்றிப் போடுவதில்லை. நேற்றுவரை நன்றாயிருந்த தூள் இன்று கெட்டதாயின், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது யாது என்பதே அவர் எழுப்பும் முதல் வினா. கொழுந்தின் வாட்டம் மாறியதா, உருட்டும் யந்திரத்தின் அழுத்தம் மாறியதா, உலர்த்தும் வெப்பம் மாறியதா என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று, பிழை பிறந்த இடத்தை அவர் கண்டுகொள்கின்றார்.

அத்தொழிற்சாலைகளைச் சூழ்ந்துள்ள லயங்களிலும், அவற்றையடுத்து எழுந்துள்ள சிறு வீடுகளிலும் மற்றோர் யந்திரம் இக்காலத்தில் இடம்பெற்று வருகின்றது. அதுவே வீட்டுக் கணினி. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொவிட் நோய்ப்பரவலினால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தபோது, இணையவழிக் கல்வி என்னும் சொல் மலையுச்சிகள் வரை எட்டியது. தொலைபேசியின் சிறு திரையிற் படித்த பிள்ளைகளுக்குக் கணினியின் தேவை அப்பொழுது நன்கு புலனாயிற்று. ஆனால், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியது. புதுக் கணினி வாங்க இயலாத குடும்பங்கள், பிறர் பயன்படுத்திய பழைய கணினியை வாங்கி, அதிலே புதிய உறுப்பொன்றைப் பொருத்தி வலுவூட்ட முற்பட்டன. 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு நிறுத்தப்பட்டமையும், பழைய கணினிகளைத் திறந்து பார்ப்பதற்கு மேலுமொரு காரணமாயிற்று.

இவ்வாறு வலுவூட்டப்பட்ட கணினி சில வேளைகளில் முன்னரினும் மோசமாகி விடுவதுண்டு. நினைவகத் துண்டு ஒன்றைச் சேர்த்தவுடன் திரை இருண்டு போகின்றது. படங்களை விரைந்து காட்டும் கிராபிக்ஸ் அட்டையைப் பொருத்தியவுடன் விசிறி சுழன்று நின்று விடுகின்றது. புதிய உறுப்பு பழுதென்று எண்ணி வேறொன்று வாங்குவோர் உளர். பழைய கணினியே இறந்துவிட்டதென்று அதை மூலையில் ஒதுக்குவோரும் உளர். 2021 மார்ச்சு மாதத்திலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தேவையின்றி வாங்கிய ஓர் உறுப்பு எத்தனை நாட்கள் சரிவிலே நின்று பறித்த கொழுந்துக்கு ஈடாகும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆகவே, மாற்றிய உறுப்பினால் யந்திரம் ஏன் மறுக்கின்றது, அம்மறுப்பின் காரணத்தை முன்னோர் எவ்வாறு கண்டனர் என்பவை கற்றறிய வேண்டியனவாகும். இவற்றுக்கான விடையின் ஒரு பகுதி கணினியின் வரலாற்றில் உள்ளது. மற்றொரு பகுதி தேயிலையின் வரலாற்றிலேயே உள்ளது.

1852ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர் என்பார், 1867இல் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் தொழிற்சாலை அவர் வாழ்ந்த பங்களாவின் விறாந்தையே. அங்கே கொழுந்து மேசைகளின் மீது கைகளால் உருட்டப்பட்டது. களிமண் அடுப்புகளிலே கரிநெருப்பின் மேல் வைத்த கம்பித் தட்டுகளில் உலர்த்தப்பட்டது. கைகள் மெதுவாக உருட்டின. அடுப்பும் மெதுவாக உலர்த்தியது. இரண்டுக்கும் இடையே இசைவு இருந்தது. 1873இல் அவர் இலண்டனுக்கு அனுப்பிய தேயிலை 23 இறாத்தல் மட்டுமே.

1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டபோது, கைகளினால் இயன்ற அளவு போதாதாயிற்று. 1870களிலே அசாம் தோட்டங்களில் வில்லியம் ஜாக்சன் என்னும் பொறியியலாளர் கொழுந்தை உருட்டும் யந்திரத்தை உருவாக்கினார். பல கைகள் செய்த வேலையை அது தனித்துச் செய்தது. எனினும், உருட்டப்பட்ட கொழுந்து காத்திருக்கும் பொருளன்று. இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்றுடன் கலந்தவுடன் நொதித்தல் தொடங்கிவிடும். குறித்த வேளையில் அதனை வெப்பத்திலே இட்டு நிறுத்தாவிடில், நிறமும் மணமும் கெட்டுவிடும். உருட்டும் யந்திரம் விரைய, உலர்த்தும் கரியடுப்பு பழைய வேகத்திலேயே நிற்குமாயின், இடையிலே குவியும் கொழுந்து பாழாவது உறுதி. அவ்வாறு பாழாகும்போது உருட்டும் யந்திரத்தில் எத்தகைய பழுதும் இராது; அடுப்பிலும் பழுது இராது. புதியதன் வேகத்துக்கும் பழையதன் வேகத்துக்கும் இடையே உண்டான பொருத்தமின்மையே பழுதாகும்.

அக்குறையை நீக்க எழுந்ததே சூடேற்றிய காற்றினால் உலர்த்தும் யந்திரம். அசாம் பகுதியிலே தேயிலைத் தோட்டக்காரராக இருந்த சாமுவேல் டேவிட்சன் 1877ஆம் ஆண்டளவில் அத்தகைய யந்திரம் ஒன்றை அமைத்தார். பாலைவனத்து வெங்காற்றின் பெயரால் அது சிரொக்கோ என்று அழைக்கப்பட்டது. பின்னர் 1881இல் அவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய தொழிலகத்திலிருந்து அவை உலகெங்கும் சென்றன. இலங்கைத் தொழிற்சாலைகளிலும் சிரொக்கோ என்னும் பெயர் வழக்கில் வந்தது. 1930களிலே கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சீ.ரீ.சீ. முறை அசாமில் தோன்றியபோதும் இதே கதையே நிகழ்ந்தது. சிறு துகளாகிய இலை விரைவாக நொதித்தது. ஆகவே நொதிக்கும் நேரத்தையும் உலர்த்தும் முறையையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மலைநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேறொரு கட்டாயமும் இருந்தது. புகையிரதப் பாதை ஹற்றனை அடைந்தது 1884இல். நானுஓயாவை அடைந்தது 1885இல். யந்திரத்தின் உதிரிப்பாகங்கள் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, புகையிரதத்தில் மலையேறி வரப் பல வாரங்கள் சென்றன. காரணத்தைத் தவறாகக் கணித்துத் தவறான பாகத்தை வரவழைத்துவிட்டால், அப்பருவத்துக் கொழுந்தே வீணாகும். ஆகவே, பழுதைச் சரியாக அறிந்த பின்னரே பாகத்துக்கு எழுதுவது என்னும் ஒழுங்கு அத்தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று. கணினிக் கடைகள் நகரந்தோறும் உள்ள இந்நாளிலே அவ்வொழுங்கை மறந்துவிடுவது எளிது.

இனி, கணினியின் வரலாற்றுக்கு வருவது பொருத்தமாகும். வணிக நிறுவனமொன்றின் அன்றாடக் கணக்குகளைச் செய்த முதற் கணினி தேநீர்க்கடைக்காரர்களால் உருவாக்கப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. 1894இல் இலண்டன் பிக்கடிலி வீதியில் முதலாவது தேநீர்க்கடையைத் திறந்த லயன்ஸ் நிறுவனம், காலப்போக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட தேநீர்க்கடைகளையும் பெரிய வெதுப்பகங்களையும் நடத்தியது. ஒவ்வொரு கடையின் விற்பனையும் சிறு சிறு தொகைகளாக இருந்தமையால், கணக்கெழுதும் செலவு பெருஞ்செலவாயிற்று. 1947இல் அந்நிறுவனத்தின் அலுவலர் இருவர் அமெரிக்கா சென்று மின்னணுக் கணக்கீட்டு யந்திரங்களைக் கண்டு வந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே மோரிஸ் வில்க்ஸ் அமைத்துக் கொண்டிருந்த கணினிக்கு நிறுவனம் 3000 பவுண் உதவி செய்தது; அதனை முன்மாதிரியாகக் கொண்டு தனக்கென ஒரு கணினியையும் அமைத்தது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பர் மாத இறுதியில் அது வெதுப்பகங்களின் மதிப்பீட்டுக் கணக்கைச் செய்யத் தொடங்கியது. பிற்பாடு, பல நாட்டுத் தேயிலைகளைக் கலக்கும் கணக்கும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

லியோவின் வரலாற்றிலேதான் இவ்வுரைக்கு வேண்டிய பாடம் உள்ளது. கேம்பிரிட்ஜ் யந்திரம் விஞ்ஞானிகளுக்காக அமைந்தது. அதற்குள்ளே செல்லும் எண்கள் சில, உள்ளே நிகழும் கணக்குகள் பல. வணிகக் கணக்கோ இதற்கு மாறானது. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் விவரங்கள் உள்ளே சென்று, ஆயிரக்கணக்கான சம்பளத் தொகைகள் வெளியே வர வேண்டும். ஆகவே, தரவுகளை விரைந்து ஏற்றவும் இறக்கவும் காந்த நாடாவில் இயங்கும் புதிய கருவிகளைப் பொருத்த எண்ணினர். அவற்றை அமைக்கும் பொறுப்பு வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கருவிகள் வந்தன, ஆனால் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை. நடுவிலுள்ள கணினி செவ்வனே இயங்கிக் கொண்டிருக்க, புதிதாய்ச் சேர்க்கப்பட்ட நாடாக் கருவிகளின் கோளாறினால் சம்பளக் கணக்கு தாமதமாயிற்று.

லியோவின் தலைமைப் பொறியியலாளராகிய ஜோன் பிங்கர்ட்டனும் அவருடைய குழுவினரும் அந்நிலையில் மேற்கொண்ட முடிவு கருத்திற் கொள்ளத்தக்கது. புதுமையின் மீது கொண்ட ஆசையினால் அவர்கள் நாடாக் கருவிகளைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. அவற்றை விலக்கினர், துளையிட்ட அட்டை, துளையிட்ட காகித நாடா ஆகிய பழகிய சாதனங்களுக்குத் திரும்பினர், ஒரு வழிக்குப் பதிலாகப் பல வழிகளில் ஒரே வேளையில் தரவு செல்லுமாறு அவற்றை இணைத்தனர். 1953ஆம் ஆண்டின் இறுதியிலே யந்திரம் முழுமையுற்றது. 1954இன் தொடக்கத்தில் சம்பளக் கணக்கு அதனிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்னர், எழுதுவினைஞர் கையால் செய்த கணக்கோடு யந்திரத்தின் கணக்கை ஒப்பிட்டும் பார்த்தனர்.

அத்தனை எச்சரிக்கை ஏன் என்று கேட்கலாம். தோட்டத்திலே செக்ரோல் என்று வழங்கும் பெயர்ப் பதிவேட்டில் ஒரு நாட்பெயர் விடுபட்டுப் போனால், மாத முடிவில் ஓர் அடுப்பின் மேல் வைக்கும் பானையிலே அரிசி குறையும் என்பதை மலைநாட்டவர் நன்கறிவர். யந்திரத்தின் பிழை மனிதரின் கூலியிலே போய் முடியும் என்பதை லியோவை அமைத்தோரும் அறிந்திருந்தனர். அந்தக் கணினியில் ஏறத்தாழ 6000 வால்வுகள் இருந்தன. வலுவிழந்த வால்வு, கணக்கு நடக்கும் வேளையில் அற்றுப் போகாதிருக்கும் பொருட்டு, பராமரிப்பு நேரத்திலே மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சற்று ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். நலிந்த உறுப்பு அச்சோதனையில் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். மின்னழுத்தம் சிறிது மாறினாலே நலிந்த உறுப்பு தடுமாறும் என்னும் அவ்வுண்மை இன்றைய வீட்டுக் கணினிக்கும் பொருந்தும்.

வீட்டுக் கணினியின் காலம் 1981 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டதோடு பெருவழக்காயிற்று. அதனுள்ளே புதிய அட்டைகளைச் செருகுவதற்கு 5 இடங்கள் விடப்பட்டிருந்தன. வாங்கியவரே மூடியைத் திறந்து உறுப்புகளைக் கூட்டலாம் என்பது அதன் சிறப்பு. தொல்லைகளின் தொடக்கமும் அதுவே. அக்கணினிக்கு மின்சாரம் வழங்கிய பெட்டி 63.5 வாற் ஆற்றலே உடையது. நெகிழ்தட்டுகளோடு மட்டும் இயங்கிய கணினிக்கு அது போதுமானதாக இருந்தது. வன்தட்டு என்னும் ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்தபோது அது போதவில்லை. 1983இல் வன்தட்டுடன் வெளிவந்த அடுத்த கணினியிலே அந்நிறுவனம் 130 வாற் வழங்கும் பெட்டியைப் பொருத்தியது. முதற் கணினியின் தொடக்ககாலப் பிரதிகளிலே மற்றொரு தடையும் இருந்தது. கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலுக்குப் பயோஸ் என்று பெயர். பழைய பயோஸ், வன்தட்டு அட்டையை அடையாளங் காணும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. அட்டையும் நல்லது, கணினியும் நல்லது. ஆனால் ஒன்றை மற்றொன்று அறியவில்லை. பயோஸ் சில்லை மாற்றிய பின்னரே அவை இணைந்து இயங்கின.

பொருத்தமின்மையின் மூன்றாவது வகையும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. ஒவ்வோர் அட்டையும் கணினியின் மையச் செயலியை அழைப்பதற்கு ஓர் அழைப்பு வழியைப் பெற வேண்டும். அத்தகைய வழிகள் முதற் கணினியிலே எட்டு மட்டுமே இருந்தன. அவற்றுட் சில முன்னரே பங்கிடப்பட்டுவிட்டன. இரண்டு அட்டைகள் ஒரே வழிக்கு உரிமை கோரினால், இரண்டும் செயலற்றுப் போகலாம். அல்லது கணினி முழுவதும் உறைந்து நின்றுவிடலாம். அட்டையிலுள்ள சிறு ஊசிகளின் மீது இணைப்பி ஒன்றை இடம் மாற்றிச் செருகி இவ்வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, செருகியவுடன் தானே பொருந்திக் கொள்ளும் முறை பரவியது. அம்முறையும் எல்லா வேளையிலும் கைகொடுக்கவில்லை. 1998 ஏப்ரல் 20ஆம் நாள் சிக்காகோ நகரில் நடைபெற்ற கண்காட்சியிலே, விண்டோஸ் 98ஐ அவையோருக்குக் காட்டிய மேடையில், பில் கேட்ஸ் முன்னிலையிலேயே ஸ்கேனர் கருவி ஒன்று கணினியுடன் இணைக்கப்பட்டது. மறுகணம் நீலத்திரை தோன்றிக் கணினி நின்றுவிட்டது. உருவாக்கியோரின் கண்முன்னரே அவ்வாறு நிகழுமாயின், தோட்டத்து வீட்டில் நிகழ்வதற்காக எவரும் நாணவேண்டியதில்லை.

ஆற்றற் குறைவு, அறியாமை, உரிமைப் போட்டி என்னும் இம்மூன்றும் நாற்பது ஆண்டுகளின் பின்னரும் வேறு உருவில் தொடர்கின்றன. இன்றைய கிராபிக்ஸ் அட்டைகள் பலவற்றுக்குத் தனியானதொரு மின்கம்பி வேண்டும். மின்வழங்கிப் பெட்டியும் அதற்குரிய வாற் அளவைத் தர வேண்டும். புதிய செயலியை அறியாத பழைய பயோஸ் இன்றும் உண்டு. 2007இல் பரவத் தொடங்கிய டீ.டீ.ஆர். 3 வகை நினைவகத்துக்கும் 2014இல் வந்த டீ.டீ.ஆர். 4 வகைக்கும் விளிம்பிலுள்ள வெட்டு வேறு இடத்தில் அமைந்துள்ளது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வலிந்து செருகினால் முறிவதே பயன்.

மலைநாட்டில் இவற்றோடு மின்சாரத்தின் கதையும் சேர்ந்து கொள்கின்றது. களனி கங்கையின் தலைநீர்களாகிய கெஹெல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயா என்பவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். 32 ஆண்டுகளின் பின்னர், 1950இல், லக்ஷபான மின்நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜ், காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய இடங்களில் தேங்கிய நீர் தூரத்து நகரங்களிலே விளக்கேற்றியது. அந்நீர்த்தேக்கங்களைச் சுற்றி வாழ்ந்த தொழிலாளரின் லயங்களோ பல்லாண்டு காலம் குப்பி விளக்கின் ஒளியிலேயே இருந்தன. மின்கம்பி காலந்தாழ்த்தி வந்த இடங்களிலே, நீண்ட இணைப்புகளின் கடைக்கோடியில் மின்னழுத்தம் தாழ்ந்து போதல் இயல்பு. 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் மாலை வேளையில் அது குறையுமாயின், விளக்கு மங்குவதோடு கணினியும் தடுமாறும். பழைய உறுப்புகளோடு தாக்குப்பிடித்த கணினி, கூடுதல் ஆற்றல் கோரும் புதிய அட்டையைப் பெற்றதும் நின்றுபோவதற்கு இஃதும் காரணமாகலாம்.

மலைநாட்டின் வானிலையும் கருத்திற் கொள்ள வேண்டியதே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. பனிமூட்டமும் ஈரமும் வீட்டினுள் நுழைவதால், உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிவதுண்டு. பல மாதம் அசையாதிருந்த நினைவகத் துண்டைக் கழற்றி மீண்டும் செருகியவுடன் கணினி உயிர்பெறுவது அப்படலம் உராய்ந்து நீங்குவதனாலாகும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே பிற்பகல் இடிமின்னல் மிகுதி. அவ்வேளைகளிலே ஆளியை அணைப்பது போதாது. மின்செருகியையும் இணையக் கம்பியையும் சுவரிலிருந்து கழற்றிவிடுதல் வேண்டும்.

இனி, பழுதை ஆராயும் முறையை ஓர் உதாரணத்தின் வாயிலாகக் காணலாம். உயர்தர வகுப்பில் படிக்கும் மகளுக்காகத் தோட்டத்து வீடொன்றிலே பழைய கணினி வாங்கப்பட்டிருக்கின்றது. அதற்கு ஒரு நினைவகத் துண்டும் ஒரு கிராபிக்ஸ் அட்டையும் ஒரே நாளிற் பொருத்தப்பட்டன. மூடியை மூடி ஆளியை இட்டதும் விசிறி சுழன்றது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு உறுப்புகளை ஒரே வேளையில் மாற்றியமையே இங்கு நிகழ்ந்த முதற் பிழை. குற்றவாளி இருவருள் யார் என்பதை இனித் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

முதலாவதாக, மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். பின்னர் ஆளியைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்னேற்றம் வடிந்துவிடும். கணினிக் கூட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளிருக்கும் உறுப்புகளைத் தொடல் வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உயிரைப் பறிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இரண்டாவதாக, புதிய உறுப்புகள் இரண்டையும் நீக்கி, கணினியைப் பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும். லியோவின் பொறியியலாளர் துளை அட்டைக்குத் திரும்பியது போன்றதே இது. பழைய நிலையில் கணினி இயங்குமாயின், தாய்ப்பலகையும் செயலியும் வன்தட்டும் நலமாயுள்ளன என்பது உறுதிப்படும். இயங்காதாயின், பொருத்தும்போது ஏதேனும் கம்பி கழன்றதா, ஏதேனும் துண்டு சரியாக அமரவில்லையா என்று பார்க்க வேண்டும். பல கணினிகள் எழும்போது எழுப்பும் ஒலிக்கும் பொருள் உண்டு. திரும்பத் திரும்ப ஒலிப்பது பெரும்பாலும் நினைவகத்தையோ திரை அட்டையையோ சுட்டும். சரியான பொருள் அந்தந்தத் தாய்ப்பலகையின் கைந்நூலிலே காணப்படும்.

மூன்றாவதாக, புதிய உறுப்புகளில் ஒன்றை மட்டும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். மேற்கூறிய வீட்டிலே நினைவகத் துண்டைச் சேர்த்தபோது கணினி எழுந்தது. ஆகவே அது குற்றமற்றது. அதன் பின்னர் கிராபிக்ஸ் அட்டையைச் செருகியபோது திரை மீண்டும் இருண்டது. இப்பொழுது தேட வேண்டிய இடம் குறுகிவிட்டது. திரையின் கம்பி புதிய அட்டையிலே செருகப்பட்டுள்ளதா, பழைய துளையிலேயே உள்ளதா? அட்டையின் ஓரத்திலே தனி மின்கம்பிக்கான இடம் வெறுமையாக உள்ளதா? மின்வழங்கிப் பெட்டியில் எழுதியுள்ள வாற் அளவு அட்டை கோரும் அளவுக்குப் போதுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணக் காசு செலவில்லை. அவ்வீட்டிலே இரண்டாவது வினாவே விடையளித்தது. மின்வழங்கியிலிருந்து வரும் ஒரு கம்பி, எதனுடனும் இணைக்கப்படாமல் கூட்டின் மூலையிலே சுருண்டு கிடந்தது. அதனை அட்டையின் ஓரத்திலே செருகியதும் திரை ஒளிர்ந்தது.

எல்லா வீடுகளிலும் விடை இத்துணை எளிதாக அமைந்துவிடாது. சில வேளைகளிலே பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அப்பணியின் நடுவே மின்சாரம் நின்றால் கணினி எழாது போகலாம் என்பதால், 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் அதனைத் துணிந்து தொடங்கமாட்டார்கள். நீண்ட காலம் கிடந்த கணினியில் காசு போன்ற 3 வோல்ற் மின்கலம் தீர்ந்து, நாளும் அமைப்புகளும் மறந்துபோயிருக்கும். புதிய உறுப்புக்குரிய இயக்கிநிரல் இல்லாமையால், திரை எழுந்த பின்னர் நீலத்திரை தோன்றுவதும் உண்டு. மெய்யாகவே பழுதான உறுப்பு கைக்கு வருவதும் உண்டு. எதுவாயினும், ஒன்றை மாற்றுதல், விளைவைப் பார்த்தல், அதை ஒரு தாளில் எழுதுதல், பின்னர் அடுத்ததற்குச் செல்லுதல் என்னும் ஒழுங்கு மாறுவதில்லை. எழுதிய அந்தத் தாளுடன் கடைக்குச் செல்பவரிடம் தேவையற்ற பொருளை விற்பது கடினம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னது என்பதையும், அது தோன்றிய காரணத்தையும், அது தணியும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று வகுத்துரைத்தார். மனித உடலுக்குக் கூறிய அம்முறை யந்திரத்துக்கும் ஒக்கும். வாட்டம் மாறியதா, அழுத்தம் மாறியதா, வெப்பம் மாறியதா என்று தேடும் டீமேக்கரும் அம்முறைப்படியே நடக்கின்றார். கணினி மலைநாட்டு இல்லங்களுக்குப் புதியதாக இருக்கலாம். அதன் பழுதை ஆராயும் அறிவு இம்மலைகளுக்குப் புதியதன்று. தொழிற்சாலையிலே பெல்ற் அறுந்த ஓசையையும், உருளை தேய்ந்த ஓசையையும் காதினாலேயே பிரித்தறிந்த மூத்தோர் பலர் அங்கே வாழ்ந்திருக்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு கணினியின் முன்னே திகைத்து நிற்கும்போது, புதிய பொருள் வாங்கக் கடைக்குச் செல்லுமுன், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது யாது என்று ஒருமுறை கேட்பார்களாயின், பல நாட் கூலி வீட்டிலேயே தங்கும்.